வாயில மூங்கில், பேச்செல்லாம் கண்ணுல

கோபம் வந்தாலும் எழுதுவேன், சந்தோசம் வந்தாலும் எழுதுவேன். இந்தத் தடவை ரெண்டும் அடுத்தடுத்து வந்துடுச்சுங்க. அதனால கொஞ்சம் நீளமாத்தான் போகும். டீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க.

அக்கா மக எட்டாவது படிக்கிறா. பள்ளிக்கூட ஆண்டுவிழாவுல மாறுவேடப் போட்டி. வருசா வருசம் ஔவையார், பாரதியார், ஜான்சி ராணி. (பாரதியார் எப்பவும் நாலஞ்சு பேரு வந்துடுவாங்க. முண்டாசும் மீசையும் இருந்தா முடிஞ்சுது.) இவ வந்து நின்னு, "சித்தி, நான் நெசுகோ வேசம் போடறேன்"னு சொல்லிட்டா.

எங்கம்மாவுக்குப் புரியல. "அதாரு அம்முணி? சாமியா?"

"சாமி இல்ல அம்மிச்சி. அசுரப் பொண்ணு. ஆனா நல்லவ."

"அசுரப் பொண்ணு எப்பிடி நல்லவளா இருப்பா?"

"அசுரனோட ரத்தம் கலந்து அப்பிடி ஆயிட்டா. ஆனா மனுசங்கள ஒண்ணும் பண்ண மாட்டா. அவங்கண்ணன் அவளப் பொட்டியில வெச்சு முதுகுல தூக்கிட்டே சுத்துவான்."

அம்மா வெங்காயம் உரிக்கிறத நிறுத்திட்டு யோசிச்சாங்க. "அண்ணன் தங்கச்சி கதையா? பொன்னர் சங்கருக்குத் தங்காள் மாதிரின்னு சொல்லு."

எப்பிடிப் புடிச்சாங்க பாருங்க! அண்ணமார் கதையை உடுக்கடிச்சுப் பாடக் கேட்டு வளந்தவங்களுக்கு ஜப்பான் கதை ஒரே நிமிசத்துல வெளங்கிடுச்சு.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. நெசுகோ வர்ற 'டீமன் ஸ்லேயர்' கொயோஹாரு கொதோகே வரைஞ்ச மங்கா, அதாவது ஜப்பான் படக்கதை. 2016ல ஆரம்பிச்சு 2020ல முடிஞ்சுது, மொத்தம் 23 புத்தகம். 2019ல இருந்து அனிமே, அதாவது கார்ட்டூன் தொடர். 2025 செப்டம்பர் 12ஆம் தேதி 'இன்ஃபினிட்டி கேஸில்' படம் இந்தியாவுல தமிழ் டப்பிங்கோடயே தியேட்டருக்கு வந்துச்சு. எங்க வீட்டுப் புள்ளைக்குப் பைத்தியம் புடிச்சது அப்பத்தான். அண்ணன் பேரு தஞ்சிரோ. அவங்கப்பா கரி சுட்டு விக்கிறவரு, அந்தக் கரிக் குடும்பத்துப் பொண்ணு நெசுகோ. எந்நேரமும் வாயில ஒரு பச்சை மூங்கில் துண்டைக் கட்டியிருப்பா, யாரையும் கடிச்சிடக் கூடாதுன்னு.

இந்த மூங்கில்தான் விசயமே. வாய் மூடியிருக்கு. பேச்சும் அனேகமாக் கிடையாது. அன்பு, கோபம், தூக்கம் எல்லாம் கண்ணுலதான் தெரியணும். கிமோனோ எவ்வளவு அழகாத் தெச்சுப் போட்டாலும் கண்ணு சரியா வரலைன்னா, அது ரோசாப்பூ கலர் துணி போட்ட நம்ம வீட்டுப் புள்ளைதான். நெசுகோ இல்ல.

துணிக்குக் கவலை இல்ல. திருப்பூர்க்காரங்களுக்குத் துணி ஒரு கவலையா? அக்கா பனியன் கம்பெனியில பேட்லாக் டெய்லர். கட் பீஸ்ல ஒரே ராத்திரியில கிமோனோ ரெடி. (அந்த ஆறுமூலை கோடு டிசைனுக்கு அசனோஹான்னு பேரு. சணல் மாதிரி ஒரு செடியோட இலை. அந்தச் செடி நேரா, வேகமா வளரும்கிறதால, புள்ளைங்களும் அப்பிடி வளரட்டும்னு ஜப்பான்ல கொழந்தைத் துணிக்கு இந்த டிசைன் போடுவாங்களாம். இதைக் கேட்டதும் எங்கம்மா கிமோனோவத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க.) மூங்கிலுக்குத் துணி ரோல் சுத்தற அட்டைக் குழாய்ல ஒரு துண்டு, பச்சைப் பெயின்ட், பின்னால எலாஸ்டிக்.

கண்ணுக்குத்தான் கடை ஏறினேன். கோபம் அங்கதான்.

திருப்பூர்ல ஒரு ஃபேன்சி கடை. பேரு வேண்டாம். "அனிமே வேசமா? அப்ப லென்ஸ் போட்டாத்தான் வரும்"னு பிங்க் கலர் லென்ஸ் ஒரு டப்பாவை எடுத்து வெச்சாரு. பதிமூணு வயசுப் புள்ளைக்குங்க, டாக்டர்கிட்டக் காட்ட வேண்டாமான்னு கேட்டேன். "பவரே இல்லாத லென்ஸுக்கு டாக்டர் எதுக்குங்க? போன வாரம் ஒரு காலேஜ் பொண்ணு வாங்கிட்டுப் போயி ஃபிரண்ட்ஸுங்க மூணு பேரு மாத்தி மாத்திப் போட்டுட்டாங்க"ன்னாரு, ரொம்பப் பெருமையா.

எனக்கு உடம்பே நடுங்கிடுச்சு.

பவர் இல்லைன்னா என்னங்க? அது கண்ணு மேலதான ஒட்டிக்கிட்டு இருக்கு? கருவிழிக்கு முன்னாடி இருக்கிற அந்தக் கண்ணாடி மாதிரித் தோலுக்கு ரத்தக்குழாயே கிடையாது. ஆக்சிஜன் பெரும்பாலும் வெளிக் காத்துல இருந்துதான் அதுக்குப் போகுது. அளவு சேராத லென்ஸ் அதை அடைச்சுக்கும், உரசிப் புண்ணாக்கும். ஒருத்தர் போட்டதை இன்னொருத்தர் போட்டா கிருமி நேரா உள்ள. குழாத்தண்ணியில கழுவினா இன்னும் மோசம், அகாந்தமீபான்னு ஒரு நுண்ணுயிர் அந்தத் தண்ணியில இருந்து ஒட்டும். அது வந்துட்டா பார்வையே போற அளவுக்குப் போகும். அமெரிக்காவுல 2005ல சட்டமே போட்டுட்டாங்க, அழகுக்குப் போடற லென்ஸும் மருத்துவ சாதனம்தான், டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு.

இதுல எங்க ஊருக் காத்து வேற. குண்டடத்துல இருந்து தாராபுரம் ரோட்டுல ஒருக்கா போயிப் பாருங்க, ரெண்டு பக்கமும் காத்தாடி சுத்திட்டு நிக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து. ஆடி மாசம் வாசல்ல நின்னா பல்லுல மண்ணு நறநறங்கும். அந்த மண்ணு லென்ஸுக்கு அடியில போனா?

பெரியவங்க போட்டே ஆகணும்னா கண் டாக்டர்கிட்ட அளவு பாத்து வாங்கிப் போடுங்க. மேக்கப்புக்கு முன்னாடி லென்ஸை மாட்டணும், மேக்கப்பைக் கலைக்கிறதுக்கு முன்னாடி லென்ஸைக் கழட்டணும். போட்டுக்கிட்டுத் தூங்கவே கூடாது. எங்க வீட்டுப் புள்ளைக்கு வேண்டாம்னு அங்கயே முடிவு பண்ணிட்டேன். கடைக்காரர் சொன்ன "லென்ஸ் போட்டாத்தான் வரும்" மட்டும் முள்ளு மாதிரி குத்திக்கிட்டே இருந்துச்சு.

ஏன்னா அது பொய்யி. அனிமே கண்ணு கண்ணுக்கு உள்ள இருந்து வரல, வெளிய தோல்ல வரையற கோட்டுல இருந்துதான் வருது.

இதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. ஜப்பான்ல தகராஸுகான்னு ஒரு ஊரு. 1914ல இருந்து அங்க பொண்ணுங்க மட்டுமே நடிக்கிற நாடகக் கம்பெனி நடக்குது, ஆம்பள வேசமும் பொண்ணுங்கதான். கடைசி வரிசைக்குத் தெரியணும்னு கண்ணைச் சுத்திப் பெருசா வரைஞ்சுக்குவாங்க. அந்த ஊர்ல வளந்த பையன்தான் ஒஸாமு தெசுகா, மங்காவுக்கே பெரியப்பா மாதிரி. டிஸ்னி படமும் பாத்தாரு, இந்த நாடகமும் பாத்தாரு. 1953ல அவரு ஆரம்பிச்ச 'ரிப்பன் நோ கிஷி' மங்காவுல வர்ற பொண்ணுக்கு அவ்வளவு பெரிய, மின்னற கண்ணு அந்த மேடையில இருந்து வந்ததுதான்னு சொல்றாங்க. ஆக மேடை மேக்கப் காகிதத்துக்குப் போச்சு. இப்ப நாம காகிதத்துல இருந்து மறுபடி மூஞ்சிக்குக் கொண்டு வர்றோம்.

நம்ம ஊர்லயும் அதேதானுங்க. பரதநாட்டியம் ஆடற புள்ளைங்க கண்ணைக் கிட்டப் பாத்திருக்கீங்களா? மேல் இமைக் கோடு கண்ணு முடியற எடத்துல முடியாது. நெத்திப்பொட்டுப் பக்கம் வரைக்கும் இழுத்து விட்டிருப்பாங்க, கீழ்க்கோடும் கூடவே போகும், நடுவுல ஒரு சந்து. பத்தாவது வரிசையில உக்காந்து பாக்கறவங்களுக்கு அந்தச் சந்தும் கண்ணாத்தான் தெரியும். கூத்துக் கட்டறவங்க அரிதாரம் பூசி வரையறதும் இதே கணக்குதான். இமை எங்க முடியுதுன்னு பாக்கறவங்க மனசுதான் முடிவு பண்ணுது. அந்த முடிவை நாம கொஞ்சம் தள்ளி வெக்கறோம், அவ்வளவுதான்.

சரி, எனக்கு இதுல என்ன அனுபவம்?

சென்னை காமிக் கான் (வேசம் போட்டுட்டுப் போற காமிக்ஸ் திருவிழா) முதல்முதலா 2024 பிப்ரவரியில நந்தம்பாக்கம் டிரேட் சென்டர்ல நடந்துச்சு. அப்பப் போக முடியல. அடுத்த வருசம் பிப்ரவரியில போனேன். நருட்டோவுல வர்ற சகுரா வேசம். சகுராவுக்கு முடியும் பிங்க், புருவமும் பிங்க். என் புருவம் கருகருன்னு அடர்த்தி. அதை மறைக்கிறதுக்கே ரெண்டு வாரம் பழகினேன்.

புள்ளைங்க நோட்டுல ஒட்டற கோந்துக் குச்சிதான் உலகம் பூரா இதுக்கு ஓடுது. தண்ணியில கழுவினாப் போற வகையா இருக்கணும். (தோலுக்குன்னு செஞ்சது இல்ல. மொத நாளே காதுக்குப் பின்னால கொஞ்சூண்டு தடவிப் பாருங்க, அரிச்சா விட்டுருங்க.) புருவ முடியை மேல் பாத்து வாரி, மெல்லிசா ஒரு தடவை தடவிக் காய விடணும். அப்பறம் இன்னொண்ணு, அப்பறம் இன்னொண்ணு. நான் அவசரத்துல ஒரே தடவையாத் தடிப்பாப் பூசினேன், வெயில்ல வெடிச்சு உரிஞ்சுது. மூணு மெல்லிசுப் பூச்சு, மேல பவுடர், அதுக்கு மேல ஆரஞ்சு கலர் கரெக்டர், அப்பறம் நம்ம தோல் கலர் கன்சீலர். அந்த ஆரஞ்சை விட்டுட்டீங்கன்னா புருவம் இருந்த எடம் சாம்பல் பூத்து நிக்கும். வெளிநாட்டு வீடியோவுல பாதிப் பேரு இதைச் சொல்லவே மாட்டாங்க, அவங்க முடி வெளுப்பு.

நம்ம கலருக்கு இதெல்லாம் எடுபடாதுன்னு சொல்றவங்க இந்த எடத்துலதான் தப்புப் பண்றாங்க. கலர் மேல குத்தமே இல்ல. வெளுத்த தோலுக்குச் சொன்ன செய்முறையை அப்பிடியே எடுத்து வெச்சா எப்பிடி வரும்? அரிசி மாத்தினா தண்ணி அளவை மாத்த மாட்டோமா?

நெசுகோவுக்கு வர்றேன்.

மொத நாள் வீடியோவப் பாத்து அப்பிடியே போட்டேன். கீழ் இமையோட உள்விளிம்புல பளிச்சுனு வெள்ளைக் காஜல், அதுக்கு ஒட்டியே கீழ கறுப்புக் கோடு. புள்ளை நிமிந்து பாத்தா. அம்மா, "ஏஞ்சாமி, காச்சலா?"ன்னு நெத்தியத் தொட்டுப் பாத்தாங்க. வெள்ளை நம்ம தோல்ல சுண்ணாம்பு மாதிரி தனியா நிக்குது. கண்ணு பெருசாகல, சீக்காத் தெரியுது.

ரெண்டாவது தடவை வெள்ளையை எடுத்துட்டு, பாலாடை கலர், லேசாப் பழுப்புக் கலந்த மாதிரி ஒரு பென்சில் போட்டேன். உடனே கண்ணு அகண்டுச்சு. ஆனா கீழ்க்கோட்டை மறுபடி இமையை ஒட்டியே போட்டுட்டேன். ஒட்டிப் போட்டா கண்ணு சுருங்கும். காஜல் போட்டா கண்ணு அழகாகும், பெருசாகாது. ரெண்டும் வேற வேற.

மூணாவது நாள் அக்கா ஷிப்ட் முடிஞ்சு வந்தா. நான் கண்ணோரத்துல நீட்டற ரெக்கைக் கோட்டோட மல்லுக்கட்டிட்டு இருந்தேன். வலது பக்கம் ஏறிப் போச்சு, இடது பக்கம் எறங்கிப் போச்சு. அழிச்சு அழிச்சுப் புள்ளைக்குத் தோலே செவந்துடுச்சு.

"தள்ளு"ன்னா அக்கா.

கைப்பையில இருந்து ஒரு மொழம் தையல் நூலை எடுத்தா. ஒரு முனையை மூக்கோட ஓரத்துல வெச்சு, கண்ணோட வெளி முனை வழியா இழுத்துப் புடிச்சா. நூல் எங்க புருவத்தைத் தொடுதோ அந்த எடத்துல ஒரு புள்ளி. அந்தப் பக்கமும் அதே மாதிரி ஒரு புள்ளி. "இந்தப் புள்ளியத் தாண்டி வெளிய போகாத. கண்ணோரத்துல இருந்து லேசா எறக்கி, புள்ளிக்கு நேர் கீழ நிறுத்திக்க." பதினஞ்சு வருசம் கழுத்துப் பட்டி தெச்ச கை. ரெண்டு கண்ணும் ஒரே அச்சு.

அப்பறம் கீழ்க்கோடு. "எவ்வளவு எறக்கோணும்?"னு கேட்டா. ஒரு மூணு மில்லிமீட்டர்னேன். "ஒரு நூல்னு சொல்லு." ஆசாரி கணக்குல இஞ்சுக்கு எட்டு நூல். ஒரு நூல் எறக்கி, கண்ணோட வெளிப் பாதிக்கு மட்டும், பழுப்பு ஐ ஷேடோவுல ஒரு வளைவு. மூக்குப் பக்கம் கொண்டு போகவே இல்ல. அந்தக் கோட்டுக்கும் இமைக்கும் நடுவுல இருக்கிற சந்தைப் பாலாடைப் பென்சிலால நெரப்பினோம். மேல்கோடு நடுவுல தடிப்பு, மூக்குப் பக்கம் மயிரிழை, வெளி ஓரத்துல கொஞ்சம் எறக்கம்.

எறக்கம் ஏன்னா, வெளி முனை கீழ எறங்கினா கண்ணு வட்டமா, கொழந்தைத்தனமாத் தெரியும். மேல ஏறினாப் பூனை மாதிரி, கொஞ்சம் திமிராத் தெரியும். ஆம்பளை கேரக்டருக்கு வட்டமே கூடாது. கோட்டை நேரா நீட்டி, புருவத்தை நேராக்கிக் கண்ணுக்குக் கிட்ட எறக்கணும். தஞ்சிரோ போடறவங்க இதைக் கவனிச்சுக்கோங்க.

இன்னொண்ணு. ஜப்பான் வீடியோவுல இமைக்கு டேப் ஒட்டறதைப் பாத்து நீங்களும் தேடி அலைய வேண்டாம். அங்க நெறையப் பேருக்கு மேல் இமையில மடிப்பு இருக்காது, அதுக்காக ஒட்டறாங்க. நமக்குப் பெரும்பாலும் மடிப்பு பொறக்கறப்பவே இருக்கு. அந்த மடிப்புக்குக் கொஞ்சம் மேல பழுப்புல ஒரு மெல்லிய கோடு போட்டா கண்ணு உசரமாகும்.

இமை முடி கடைசி. கடையில விக்கிற ஒட்டு இமை முடியை முழுசா வெச்சா அது கல்யாணப் பொண்ணு. அனிமேக்கு அதைத் துண்டு போடணும். அக்கா பிசிறு வெட்டற கட்டரை ஸ்பிரிட்ல தொடைச்சு, ஒரு பட்டையை அஞ்சு துண்டா நறுக்கினா. மேல மூணு துண்டு, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல இடைவெளி. கீழ நாம வரைஞ்ச வளைவுல ரெண்டு சின்னத் துண்டு, நுனி கீழ பாத்து. தள்ளி நின்னு பாத்தா பேனாவுல இழுத்து விட்ட முள்ளு மாதிரியே இருக்கு. பசை போட்டதும் ஒட்டாதீங்க. அரை நிமிசம் பொறுத்தா இழுவையா ஆகும், அப்ப ஒட்டணும். (அந்தப் பசையில நெறைய வகைக்கு ரப்பர்ப் பால் சேர்ப்பாங்க. ரப்பர் ஒத்துக்காதவங்க அட்டையில பாத்து, அது இல்லாத வகையா வாங்குங்க.)

அப்பறம் பிங்க். கண்ணு பிங்கா இருக்கணும், லென்ஸ் கிடையாது. என்ன பண்ண? கண்ணைச் சுத்திப் பிங்க்கைக் கொண்டு வந்தோம். இமை மேல நேராப் பிங்க் ஷேடோ பூசினா நம்ம தோல்ல செங்கல் பொடி மாதிரி ஆயிடும். அடியில பீச் கலர் கன்சீலர் மெல்லிசாத் தடவி, அதுக்கு மேல பிங்க்கை விரலால ஒத்தி ஒத்தி எடுத்தா நிக்குது. கீழ நெரப்பின சந்துல மூக்குப் பக்கமா ஒரு துளி மினுக்கம். எங்க புள்ளையோட கண்ணு காப்பிக்கொட்டைப் பழுப்பு. பழுப்பு ரொம்ப நல்லதுங்க, வெளிச்சம் பட்டாக் கண்ணுக்குள்ள வெள்ளைப் புள்ளி பளிச்சுனு விழும். மங்காவுல கண்ணுக்குள்ள போடற அந்த மின்னல் இதுதான். ஜன்னலைப் பாத்து நிக்கச் சொன்னேன்.

நின்னா. மூங்கிலைக் கட்டினா. தலையைச் சாய்ச்சு எங்களைப் பாத்தா.

வீட்டுல ஒருத்தரும் பேசல. எங்கம்மாதான், "அட, கண்ணே பேசுதே"ன்னாங்க.

விழா அன்னிக்குக் கூட்டத்துல வேர்த்துக் கொட்டுச்சு. கோட்டு மேல அதே கலர் ஷேடோவை ஒத்தி விட்டிருந்ததால மை எறங்கல. மை டப்பாவுல விரலைத் தொட்டுப் போடற கண்மை இதுக்கு ஆகாதுங்க, எண்ணெய்ப் பசை, அரை மணி நேரத்துல கன்னத்துக்கு வந்துடும். காஞ்சு போற ஜெல் லைனர்தான் நிக்கும். ராத்திரி கலைக்கிறப்பத் தேங்காயெண்ணெயைப் பஞ்சுல தொட்டு இமை மேல வெச்சு, நூறு எண்ணச் சொன்னேன். பசை தானா விட்டுச்சு. இழுத்துப் பிச்சா சொந்த இமை முடியும் சேர்ந்து வந்துடும், பொறுமையா எடுங்க.

ரெண்டாவது பரிசு. முதல் பரிசு ஒரு ஔவையாருக்கு. (அந்தப் புள்ளை ஆத்திசூடியை மூச்சு விடாமச் சொன்னா, கொடுத்தது நியாயம்தான்.) மேடையில இருந்து எறங்கினதும் ஒரு சின்னப் பையன் ஓடி வந்து, "அக்கா, உங்க கண்ணு நெசமாவே அவ்வளவு பெருசா?"ன்னு கேட்டான். வாயில மூங்கில், பதில் சொல்ல முடியல. கண்ணை அகல விரிச்சுக் காட்டினா, அவன் அப்பிடியே பின்னால போயிட்டான்!

உங்க வீட்டுப் புள்ளைங்களும் கேப்பாங்க. கலர் லென்ஸைத் தட்டுல வெச்சு நீட்டற கடையைப் பாத்தா, தயவுபண்ணி வாங்காம வந்துடுங்க. எங்களுக்கு ஒரு நூல், ஒரு பாலாடைப் பென்சில், அஞ்சு துண்டு இமை முடி, கொஞ்சம் பிங்க் பொடி, இது போதுமா இருந்துச்சு.

அடுத்த வருசம் அதே கதையில வர்ற ஷினோபு வேசம் வேணுமாம். ஷினோபுவுக்குக் கண்ணுல பாவையே கிடையாது, பூச்சிக் கண்ணு மாதிரி முழு ஊதா. மூடின இமை மேல கண்ணு வரைஞ்சு போட்டோ எடுத்துப் பாத்தோம். போட்டோவுக்குச் சரி, மேடையில நடக்க முடியாது. லென்ஸ் இல்லாம அதைக் கொண்டு வர்ற வழி யாருக்காச்சும் தெரிஞ்சா எனக்கு எழுதுங்க. அக்கா நூலோட ரெடியா இருக்கா.